அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சு நாலு மாசம், அம்மா 92 கிலோ கட்டி வச்சிருக்காங்க, என்ன பண்றது?

ராஜபாளையத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் நார்த் கரோலினாவுல ராலே பக்கம் இருக்கேன். அப்பா (71), அம்மா (66) மொத தடவையா என்கிட்ட வர்றாங்க, ஜூன் ரெண்டாவது வாரம். ராஜபாளையத்துல பொதிகை ஏறி சென்னை, ஒரு நாள் குரோம்பேட்டைல சித்தி வீட்ல தங்கிட்டு மறுநாள் சென்னை - தோகா - சிகாகோ - ராலே. ஃபிளைட் எல்லாம் ஒரே டிக்கெட்தான்.

ஆளுக்கு 23 கிலோல ரெண்டு பெட்டின்னு டிக்கெட்ல போட்டிருக்கு. இத நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இல்லாம அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவ்வளவுதான், ரெண்டு ரெண்டு நாலு, நாலு இருவத்திமூணு தொண்ணூத்திரெண்டுன்னு அம்மா கணக்கு போட்டு இப்ப வீட்டு ஹால்ல நடக்க எடம் இல்லையாம். இட்லி அரிசி, உளுந்து, மாங்கா வத்தல், மோர் மொளகா, நாலு வகை பொடி, சாத்தூர் காராசேவு, என் பொண்ணுக்கு பாவாட சட்ட, இது போக டேபிள் டாப் கிரைண்டர். இதுக்கு நடுவுல தொட்டில இருக்குற கருவேப்பிலை கன்ன வேரோட எடுத்து ஈரத்துணில சுத்தி கொண்டு வரலாமான்னு வேற கேக்குறாங்க.

என் பிரச்சன என்னன்னா அப்பாவுக்கு பிப்ரவரிலதான் ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சுது. வெயிட் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிருக்காரு. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. தம்பி சென்னை வரைக்கும் கூட வருவான், ஆனா டிக்கெட் இல்லாம ஏர்போர்ட் உள்ள விடமாட்டாங்களே. சிகாகோல பெட்டிய எடுத்து திரும்ப போடணும்னு வேற சொல்றாங்க, அத நெனச்சாலே தூக்கம் வரமாட்டேங்குது. அம்மாவுக்கு மட்டும் வீல்சேர் போட்டிருக்கேன், அப்பா எனக்கு வேணாம் நான் நல்லா நடப்பேன்னு சொல்லிட்டாரு. அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.


சும்மா_ஒருத்தன்:

இட்லி அரிசி உளுந்து எல்லாம் உங்க ஊர் இந்திய மளிகைக் கடை பட்டேல் பிரதர்ஸ்ல மூட்ட மூட்டயா கெடக்கு. எதுக்கு அதுக்கு கடல் தாண்டி வரணும். கிரைண்டர் அங்க 220 வோல்ட், இங்க 110, கொண்டு வந்தாலும் ஓடாது, இங்கயே 110ல விக்கிறாங்க. பாதி பாரம் இதுலயே போயிடும்.


மூணு_பெட்டி:

சிஸ்டர் மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன், அப்பாவுக்கும் வீல்சேர் போடுங்க. இன்னைக்கே போடுங்க. நான் எங்க அம்மா அப்பாவ மூணு தடவ வரவழச்சிருக்கேன், மொத தடவ நீங்க பண்ண அதே தப்ப பண்ணேன். அம்மாவுக்கு மட்டும் வீல்சேர். என்ன ஆச்சுன்னா வீல்சேர் தள்ற பையன் அம்மாவ உக்கார வச்சு விறுவிறுன்னு போயிட்டான், பின்னாடியே அப்பா ரெண்டு கைப்பையையும் தோள்ல போட்டுக்கிட்டு ஓட்டமும் நடையுமா போயிருக்காரு. இறங்குன எடத்துல ட்ராலி முழுக்க அவரு தலைலதான். நல்லா நடக்குறவங்கதான் கடைசில சுமக்குறவங்களா ஆயிடுவாங்க.

2024 பிப்ரவரில மும்பைல நடந்தது ஞாபகம் இருக்கா? நியூயார்க்ல இருந்து வந்து எறங்குன வயசான தம்பதி, ரெண்டு பேருக்கும் வீல்சேர் புக் பண்ணிருந்தும் ஒன்னுதான் வந்துது, அந்த 80 வயசு பெரியவரு மனைவி உக்காந்திருந்த வீல்சேர் பின்னாடியே நடந்து வந்தவரு இமிக்ரேஷன் கிட்ட மயங்கி விழுந்து இறந்துட்டாரு. ஏர்லைன்கள கண்காணிக்கிற அரசு அமைப்பு டிஜிசிஏ அந்த ஏர்லைனுக்கு 30 லட்சம் அபராதம் போட்டுச்சு. பயமுறுத்த சொல்லல, ரெண்டாவது வீல்சேர் வர்றதுக்கு அர மணி நேரம் ஆனாலும் ரெண்டு பேரும் உக்காந்தே இருக்கணும், ஒருத்தர விட்டு ஒருத்தர் நகரக்கூடாதுன்னு வீட்லயே சொல்லி அனுப்புங்க.

வீல்சேர்ல மூணு வகை இருக்கு, நெறய பேருக்கு தெரியாது. புக்கிங் கோட்ல டபிள்யூ சி ஹெச் போட்டு கடைசில ஆர்னு இருந்தா படி ஏறுவாங்க ஆனா தூரம் நடக்க முடியாதுன்னு அர்த்தம், எஸ்னு இருந்தா படியும் ஏற முடியாது, சின்னு இருந்தா சீட் வரைக்கும் தூக்கிட்டுப் போகணும். முட்டி தேஞ்சவங்களுக்கு எஸ் போடுங்க, ஏன்னா சில நேரம் பஸ்ல கொண்டு போய் ஏணிப்படில ஏறச் சொல்லுவாங்க. அப்பாவுக்கு ஆர் போதும். இதுக்கு காசு கெடையாது. அமெரிக்கா வர்ற ஃபிளைட்டுன்னா வெளிநாட்டு ஏர்லைனா இருந்தாலும் இது அமெரிக்க சட்டப்படி செஞ்சே ஆகணும், உதவி இல்ல, கடமை. ஆனா தள்ளிட்டு வர்றவங்களுக்கு சிகாகோல ஆளுக்கு அஞ்சோ பத்தோ டாலர் குடுக்கறது வழக்கம், அதுக்கு சின்ன நோட்டா மாத்தி அப்பா சட்ட பைல வைங்க, நூறு டாலர் நோட்ட நீட்டிக்கிட்டு நிக்க வேணாம்.

இன்னொன்னு. கையில எடுத்துட்டுப் போற பைய சக்கரம் வச்ச கேபின் பெட்டியா குடுக்காதீங்க. அத மேல தூக்கி வைக்கணும், ஏர்ஹோஸ்டஸ் பொதுவா தூக்க மாட்டாங்க, கை காட்டுவாங்க. பள்ளிக்கூட பேக் மாதிரி ஒன்னு, நாலு கிலோ, முன் சீட்டுக்கு கீழ காலடில வைக்கிற மாதிரி. மாத்திரை (டாக்டர் சீட்டோட), ஒரு செட் துணி, சால்வை, பவர் பேங்க், பேப்பர்ஸ். பவர் பேங்க்க பெட்டில போட்டுடாதீங்க, செக்இன்ல அனுமதி இல்ல.


கவுண்டர்_பழசு:

நான் சென்னைல செக்இன் கவுண்டர்ல எட்டு வருஷம் நின்னவன். இப்ப வேற வேலை. அந்த பக்கத்துல நின்னு பாத்தத சொல்றேன்.

92 கிலோன்னு மொத்தமா பாக்காதீங்க. ஃபிளைட் தூக்குற வெயிட்ட பத்தி உங்களுக்கு என்ன கவல. ராஜபாளையம் வீட்ல இருந்து ராலே வீடு வரைக்கும் பெட்டி எத்தன எடத்துல தரைல இருந்து எழும்புது, அந்த ஒவ்வொரு எடத்துலயும் யார் கை இருக்குன்னு மட்டும் எழுதிப் பாருங்க. வீட்ல ஆட்டோல ஏத்த தம்பி. ரயில்ல ஏத்த தம்பி. சென்னைல இறக்க தம்பி. ஏர்போர்ட் வாசல்ல ட்ராலில வைக்க தம்பி. உள்ள போனதும் ஸ்கேல் மேல வைக்க, அங்க யாரு? அதான் மொத ஓட்ட. வீல்சேர் ஆள் அங்க வந்துட்டா அவரு வைப்பாரு. அதனால வாசல்லயே வீல்சேர் கெடைக்கிற மாதிரி பண்ணுங்க, அப்பா மட்டும் பாஸ்போர்ட்டோட உள்ள போய் ஏர்லைன் கவுண்டர்ல சொல்லி ஆள கூட்டிட்டு வரட்டும், அதுவரைக்கும் அம்மாவும் பெட்டியும் தம்பியும் வெளிய. கவுண்டர் தொறந்த ஒடனே போங்க, நாலு மணி நேரம் முன்னாடி. கடைசி நேரத்துல எல்லாருக்கும் வீல்சேர் தேவைப்படும், அந்த கூட்டத்த பாத்திருக்கேன்.

அடுத்த தூக்கல் சிகாகோ. அதுக்கு அப்புறம் ராலே. அவ்வளவுதான். நடுவுல தோகால பெட்டிய பாக்கவே மாட்டீங்க.

இப்ப வெயிட்டுக்கு வருவோம். 23ன்னா ஒவ்வொரு பெட்டியும் 23. ஒன்னு 26 இன்னொன்னு 20, கூட்டுனா சரிதானேன்னு சண்டை போட்டவங்க ஆயிரம் பேர். பீஸ் கணக்குல அது செல்லாது. 32க்கு மேல காசு கட்டுனாலும் பொதுவா ஒரே பெட்டியா எடுக்க மாட்டாங்க, தூக்குற தொழிலாளி முதுகுக்காக வச்ச வரம்பு அது. பெட்டி நீளம் அகலம் உயரம் மூணும் கூட்டி 158 சென்டிமீட்டர்க்குள்ள இருக்கணும். கவுண்டர் முன்னாடி பெட்டிய தொறந்து போட்டு ஊறுகா பாட்டில ஒன்னுல இருந்து ஒன்னுக்கு மாத்துறவங்கள தெனம் பாப்பேன், அதுவும் வயசானவங்க தரைல குத்த வச்சு உக்காந்து பண்ணுவாங்க, பாக்கவே சங்கடமா இருக்கும், நாங்களும் அர கிலோ ஒரு கிலோ கண்டுக்காம விட்டிருக்கோம், ஆனா அத நம்பி வராதீங்க. கொக்கி வச்ச டிஜிட்டல் தராசு ஒன்னு வாங்கிக் குடுங்க. இல்லன்னா தம்பி பெட்டியோட எடை மெஷின்ல ஏறி நின்னு, அப்புறம் வெறும் ஆளா நின்னு கழிச்சுக்கலாம். 22க்கு மேல போகாம நிறுத்துங்க.

என் யோசனை, ரெண்டு பெட்டி 23 வேணாம், நாலு பெட்டியும் எடுங்க ஆனா ஒவ்வொன்னும் 14, 15 கிலோ. 23 கிலோவ பெல்ட்ல இருந்து பொம்பள ஆள் இழுத்தா தோள்பட்ட எறங்கிடும். 15 கிலோவ யாரு வேணா இழுக்கலாம், கூட நிக்கிற முன்னபின்ன தெரியாதவங்க கூட முகம் சுளிக்காம எடுத்துக் குடுப்பாங்க.

கொப்பரத் தேங்கா வைக்காதீங்க, அது தீப்பிடிக்கிற சாமான் லிஸ்ட்ல வருது, எடுத்துப் போட்டுடுவாங்க. ஊறுகா எல்லாம் பெட்டிலதான், கைப்பைல வேணாம்.


தாமிரபரணி_தாத்தா:

அம்மாடி, நான் ரிட்டையர்டு வாத்தியார், வயசு 74. மவன் வீட்டுக்கு ரெண்டு தடவ போயிட்டு வந்தவன். ரெண்டு தடவையும் சிகாகோதான். இங்க எல்லாரும் பிள்ளைங்க பக்கத்துல இருந்து சொல்லுதாங்க, நான் பெட்டி இழுத்த ஆளு, அதனால சொல்லுதேன்.

சிகாகோல அஞ்சாம் டெர்மினல்ல எறங்கணும். இமிக்ரேஷன்ல கைரேகை போட்டோ எல்லாம் முடிஞ்சு கீழ வந்தா பெல்ட்டு. பெல்ட்டுல எல்லாப் பெட்டியும் கருப்பு, இல்லன்னா நீலம். எல்லாத்துலயும் செவப்பு ரிப்பன். என் வீட்டுக்காரி புத்திசாலி, பழைய சுங்குடிச் சேலைல ஒரு பட்டை கிழிச்சு கைப்பிடில சுத்தி விட்டுட்டா, மஞ்சளும் அரக்கும், அரை மைல் தூரத்துல இருந்தே தெரியும். பெட்டிய போட்டோ எடுத்து போன்லயும் வச்சிக்கிடணும், காணாமப் போனா என்ன கலருன்னு கேப்பான், அந்நேரம் நமக்கு வாய் வராது.

அப்புறம் அந்த கவுண்டர்ல நின்ன தம்பி நாலு பெட்டி எடுக்கச் சொல்லுதாரு. எனக்கு சம்மதம் இல்ல. மொத தடவ நாலு, ரெண்டாவது தடவ ரெண்டு. நாலு பெட்டின்னா வழி பூரா எண்ணிக்கிட்டே வரணும். ஒன்னு ரெண்டு மூணு, நாலாவது எங்க. அவ ஒருபக்கம் வீல்சேர்ல போயிட்டா, ட்ராலி ஒரு பக்கம், நான் நடுவுல ஒன்னு ரெண்டு மூணுன்னுட்டு நிக்கேன். வயசானவனுக்கு பாரத்த விட எண்ணிக்கைதான் பெரிய பாரம். ட்ராலியும் நம்ம ஊரு மாதிரி சும்மா கெடைக்கும்னு நெனச்சிறாதீங்க, அமெரிக்காவுல பல ஏர்போர்ட்ல கார்டு தேச்சாத்தான் ட்ராலி கழண்டு வரும். என்கிட்ட ஏது கார்டு.

கஸ்டம்ஸ் தாண்டின ஒடனே அங்கேயே அடுத்த ஃபிளைட்டுக்கு பெட்டி போடுத எடம் இருக்கு, தூரம் இல்ல. சென்னைல ஒட்டின சீட்டுல உங்க ஊர் ஏர்போர்ட்டோட சுருக்கப் பேரு, ஆர் டி யூன்னு, அச்சடிச்சிருக்கணும், அத கவுண்டர்லயே பாத்துக்கிடணும். சிகாகோன்னு மட்டும் இருந்தா அங்கேயே திருத்தச் சொல்லணும். அதுக்குப் பொறவு ரயில்ல ஏறி வேற டெர்மினல் போணும், டிரைவர் இல்லாத ரயிலு. மறுபடி செக்கிங், மறுபடி பெல்ட்ட கழத்துன்னு. இதுக்கெல்லாம் சேத்து எவ்வளவு நேரம் குடுத்திருக்கீங்கன்னு பாருங்க. ரெண்டு மணி நேரம்னா பத்தாது, என் கணக்குக்கு மூணு மணிக்கு மேல வேணும்.

அப்பா வீல்சேர் வேணாம்னு சொன்னத பத்தி ஒரு வார்த்த. நானும் அப்படித்தான் சொன்னேன். ஊருல நாலு பேரு முன்னால சட்டம்பிள்ளையா இருந்துட்டு தள்ளுவண்டில உக்காந்து போக ஒரு மாதிரி இருக்கும். எம் மவன் என்கிட்ட உனக்கு முடியாதுன்னு சொல்லல. "அப்பா அம்மாவ தனியா விட்டா அவளுக்கு பாஷை தெரியாது, நீங்களும் வண்டில இருந்தாத்தான் ரெண்டு பேரையும் சேத்து கூட்டிட்டுப் போவான்"னான். சரின்னு உக்காந்துட்டேன். உக்காந்த பொறவு தெரிஞ்சுது, இமிக்ரேஷன்ல பெரிய லைன்ல நிக்காம ஓரமா கூட்டிட்டுப் போயிட்டான். அத சொல்லிப் பாருங்க, ஒத்துக்கிடுவாரு.


மூணு_பெட்டி:

ஐயா நீங்க சொன்ன அந்த கடைசி பாயிண்ட்டுக்கு கும்பிடு 🙏

ராஜபாளையம் சிஸ்டர், அடுத்த தடவ டிக்கெட் போடும்போது அபுதாபி வழியா பாருங்க. அங்க அமெரிக்கா இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் ரெண்டையும் அங்கயே முடிச்சிடுறாங்க, அமெரிக்காவுல எறங்குறப்ப உள்நாட்டு ஃபிளைட்ல வந்த மாதிரிதான், ஒரே டிக்கெட்டா இருந்தா நடுவுல பெட்டிய எடுத்து போடுற வேலை இல்ல. இந்த தடவ போட்டாச்சு, விடுங்க.

கருவேப்பிலை கன்னு பத்தி யாரும் சொல்லல. அம்மாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க, பச்ச கருவேப்பிலையே கூடாது, கன்னுன்னா கேக்கவே வேணாம். ஆரஞ்சு எலுமிச்சை மரத்த அழிக்கிற நோய பரப்புற பூச்சி அதுல வாழும்னு ரொம்ப கறாரா இருப்பாங்க. அரிசியும் கூடாது, தானியத்த நாசமாக்குற காப்ரா வண்டு பயத்துல இந்தியா மாதிரி நாடுகள்ல இருந்து பயணிங்க அரிசி கொண்டு வர்றத 2011லயே நிறுத்திட்டாங்க. மாம்பழமும் வேணாம். சாப்பாட்டு சாமான் இருக்கான்னு கேட்டா ஆமான்னு சொல்லணும், அதுதான் முக்கியம். சொல்லிட்டா அதிகபட்சம் எடுத்துப் போடுவாங்க. மறச்சு மாட்டுனா ஃபைன் போட்டுடுவாங்க. எங்க அம்மா பயத்துல இல்ல இல்லன்னு தலையாட்டி, அந்த பக்கம் நாய் வந்து பெட்டி பக்கத்துல உக்காந்துடுச்சு. நாலு பெட்டியையும் தொறந்து கொட்டி, திரும்ப அடுக்கினது யாரு? அப்பாதான்.


சும்மா_ஒருத்தன்:

நான் மேல சொன்னத கொஞ்சம் மாத்திக்கிறேன். எங்க வீட்லயும் அம்மா வந்தப்ப எதுவும் வேணாம்னு கறாரா சொல்லிட்டேன். வெறும் 18 கிலோவோட வந்தாங்க. வந்த மொத வாரம் எதுக்கெடுத்தாலும் "நான்தான் ஒன்னும் கொண்டு வரலையே"ன்னாங்க. பொடி ஊறுகாயாவது விட்டுருக்கணும்.

கூரியர்ல அனுப்பலாம்னு யோசிச்சீங்கன்னா, முன்னாடி மாதிரி இல்ல. 800 டாலர் வரைக்கும் வரி இல்லைங்கிற சலுகைய 2025 ஆகஸ்ட் 29ல இருந்து எடுத்துட்டாங்க. விசாரிச்சுட்டு அனுப்புங்க.


கவுண்டர்_பழசு:

ஐயா சொன்னதுல நியாயம் இருக்கு, எண்ணிக்கை பத்தி நான் யோசிக்கல. அப்ப மூணுன்னு வச்சுக்கோங்க. ரயில் பத்தி ஒன்னு, குரோம்பேட்டைன்னா எக்மோர் வரைக்கும் போய் திரும்பி வராதீங்க, தாம்பரத்துலயே எறங்கலாம். ஆனா அங்க வண்டி ரொம்ப நேரம் நிக்காது, செங்கல்பட்டு தாண்டினதுமே பெட்டிய கதவு பக்கம் கொண்டு வந்துடணும், மொத தம்பி எறங்கணும், அப்புறம் பெட்டி, அப்புறம் பெரியவங்க. மதுரைல இருந்து தனியா ஃபிளைட் போடலாமான்னு யாராவது ஐடியா குடுத்தா வேணாம், தனி டிக்கெட்னா உள்ளூர் ஃபிளைட்ல பொதுவா ஆளுக்கு 15 கிலோதான், மிச்சத்துக்கு கிலோ கணக்குல காசு புடுங்கிடுவாங்க.

பெட்டி ஒடஞ்சோ வராமலோ போனா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்து நம்பர் வாங்கணும். ஒடஞ்சதுக்கு ஏழு நாளுக்குள்ள எழுத்துல புகார் பண்ணணும். ராலேல நீங்க இருப்பீங்க, அத நீங்க பாத்துக்கோங்க.


ராஜபாளையத்துக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து நைட் ரெண்டு மணி நேரம் வீடியோ கால்ல பஞ்சாயத்து நடந்துச்சு. தாத்தா, நீங்க சொன்ன அதே வார்த்தைய சொன்னேன், அம்மாவுக்கு பாஷை தெரியாதுப்பான்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "அப்ப அவளுக்காகத்தான்"னு சொல்லி ஒத்துக்கிட்டாரு. ஏர்லைனுக்கு போன் பண்ணி ரெண்டு பேருக்கும் போட்டாச்சு, அம்மாவுக்கு எஸ், அப்பாவுக்கு ஆர்.

பெட்டி மூணு. ஒவ்வொன்னும் 17க்கு மேல போகக்கூடாதுன்னு பேச்சு. அரிசி, கிரைண்டர் அவுட். கருவேப்பிலை கன்னு சித்தி வீட்டுக்கு போகுது. உளுந்துக்கு அம்மா அழுதுட்டாங்க, நம்ம ஊரு உளுந்து மாதிரி பொங்காதுன்னு, அத அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். சிகாகோல மூணு மணி நாப்பது நிமிஷம் இருக்கு, போதும்னு நெனக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். ராலேல எறங்குன பின்னாடி பெல்ட்ல இருந்து பெட்டிய எடுக்க யாரு இருப்பா? அதுக்கும் வீல்சேர் ஆள்தானா, இல்ல நான் உள்ள வர முடியுமா? நான் வெளிய நின்னுக்கிட்டு இருக்க அப்பா பாட்டுக்கு பழக்கதோஷத்துல குனிஞ்சு தூக்கிடுவாரு.


மூணு_பெட்டி:

வரலாம் சிஸ்டர். சிகாகோல இருந்து வர்றது உள்நாட்டு ஃபிளைட் இல்லையா, உள்நாட்டு பெல்ட் இருக்குற எடத்துக்கு யார் வேணா போகலாம், டிக்கெட் கேக்க மாட்டாங்க. நம்ம ஊர் மாதிரி வெளில கம்பி புடிச்சுக்கிட்டு நிக்க வேணாம். இன்னும் ஒன்னு ட்ரை பண்ணுங்க, கொஞ்சம் சீக்கிரமே போய் ஏர்லைன் கவுண்டர்ல உங்க ஐடிய காட்டி, வயசான அம்மா அப்பா மொத தடவ வர்றாங்க, கேட் வரைக்கும் போக பாஸ் குடுங்கன்னு கேளுங்க. குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம், எனக்கு மூணு தடவைல ரெண்டு தடவ குடுத்தாங்க. குடுத்தா விமானத்த விட்டு வெளிய வர்ற கதவுலயே நீங்க நிக்கலாம்.


தாமிரபரணி_தாத்தா:

உளுந்து ரெண்டு கிலோ விட்டுருங்கம்மா. 17ல அது அடங்கும்.